வயசானால் பல் விழும் என்று யார் சொன்னது?

மலேசியாவின் செர்காமில் யாரிடம் பல்லைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் இந்த ஒரு வரியில் வந்து நிற்கும்: “வயசாச்சுல்ல, பல்லு ஆடத்தான் செய்யும்.” ஐம்பதைத் தாண்டியவர்கள் இதைச் சொல்லும்போது குரலில் வருத்தம்கூட இருக்காது. நரையோடும் மூட்டு வலியோடும் சேர்த்துப் பல் விழுவதையும் வரவேண்டிய கணக்கில் எழுதிவிட்டார்கள்.

என் பாட்டி மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவரைப் பல்லோடு பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ஒவ்வொரு பல்லாக ஆடி ஆடித் தளர்ந்ததும் தானே கையால் பிடுங்கிப் போட்டதாகச் சொல்வார். “சொத்தை இல்ல, ஒண்ணுமில்ல, எல்லாம் நல்ல பல்லு” என்பார். சொத்தையில்லாத பல் ஏன் விழ வேண்டும்? பல்லில் குற்றமில்லை. அதைப் பிடித்து வைத்திருந்த ஈறும் எலும்பும் வருடக்கணக்கில் கரைந்து போயிருந்தன. ஈறு நோய் செய்கிற வேலை அதுதான். வயது அந்த நோயைக் கொண்டுவருவதில்லை. கவனிக்காமல் விட்ட நோய்க்கு வேலை செய்ய நேரம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டி ஒருவரை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. ஈறு நோய் எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும்போது ஒரு பெரிய ஆய்வைத் தொடாமல் போக முடியாது. அந்த ஆய்வு நடந்தது இலங்கை மலையகத்தில். வாயைத் திறந்து காட்டியவர்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள். நம் தாத்தா பாட்டிகளை இங்கே கொண்டுவந்த அதே காலம், அதே மாதிரித் துறைமுகங்கள், அதே கங்காணி ஏற்பாடுதான் அவர்களை அங்கே கொண்டுபோனது. இதை முதலில் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹரால்ட் லோ என்பவர் நார்வே நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர். அவரும் அவர் குழுவும் 1969-இல் ஓஸ்லோ நகரில் மாணவர்கள், கல்வித்துறையினர் என்று 565 ஆண்களைத் தேர்ந்தெடுத்து ஈறுகளை அளந்தார்கள். சிறு வயதிலிருந்தே பல் மருத்துவரைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். அடுத்த வருடமே, 1970-இல், இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களிடம் அதே அளவை எடுத்தார்கள். பதினான்கு வயதுப் பையன்களிலிருந்து முப்பதை ஒட்டியவர்கள் வரை அதில் இருந்தார்கள். பல் மருத்துவம் என்று ஒன்று அவர்கள் வாழ்க்கையில் எட்டிப் பார்த்ததே இல்லை. பிரஷ் வைத்துப் பல் துலக்கும் பழக்கமும் கிடையாது. யாரும் கைவைக்காவிட்டால் ஈறு நோய் தன் போக்கில் எப்படி வளரும் என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். 1985 வரை, பதினைந்து வருடங்கள், திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். கடைசி முறை வந்தபோது 161 பேர் மிஞ்சியிருந்தார்கள்.

அத்தனை பேர் பல்லிலும் அழுக்குப் படலமும் காரையும் கறையும் நிறைந்திருந்தன. ஏறக்குறைய எல்லா ஈறுகளிலும் வீக்கம் இருந்தது. சொத்தை மட்டும் கிட்டத்தட்ட இல்லை. என் பாட்டி சொன்ன அதே “நல்ல பல்லு.” ஆனால் நோய் எல்லாரையும் ஒரே மாதிரி தாக்கவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் பாய்ந்து ஓடியது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, முப்பத்தைந்தில் 12 பல், நாற்பதில் 20 பல், நாற்பத்தைந்தில் வாயில் ஒன்றுமே இல்லை. சுமார் 81 சதவீதம் பேருக்கு நோய் நிதானமாக நடந்தது. முப்பதுக்குப் பிறகு பல் விழத் தொடங்கி, நாற்பத்தைந்து வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியிருந்ததோடு சரி. அதைத் தாண்டி நோய் இறங்கவில்லை, பல்லும் ஏறக்குறைய விழவில்லை.

இந்த 11 சதவீதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லா ஊரிலும் ஒரு தாத்தா இருப்பார். வாழ்நாளில் பற்பசையைத் தொட்டிருக்க மாட்டார். எழுபது வயதில் கரும்பைக் கடிப்பார். பல் கிளினிக்குக்குப் போகச் சொன்னால் உடனே அவரைத்தான் நமக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள்: “அவரு என்ன டாக்டரையா பார்த்தாரு?” அவர் அந்த 11 சதவீதத்தில் ஒருவர். அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்தக் கிருமிகளோடு சண்டை போடும் விதம் வேறு. அவருக்குப் பக்கத்து வீட்டில், அதே தண்ணீரைக் குடித்து, அதே சோற்றைச் சாப்பிட்டு, நாற்பத்தைந்தில் பல்லெல்லாம் இழந்த ஒருவரும் இருந்திருப்பார். பல் இருப்பவரைத்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். நீங்கள் எந்தக் கூட்டத்தில் பிறந்திருக்கிறீர்கள் என்று கண்ணாடியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் அளந்து பார்த்துச் சொன்னால்தான் தெரியும்.

ஓஸ்லோக்காரர்கள் நாற்பதை நெருங்கியபோது, பல்லைப் பிடித்திருக்கும் இணைப்பு சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் இறங்கியிருந்தது. தேயிலைத் தோட்டத்தவர்களுக்கு அதே வயதில் நாலரை மில்லிமீட்டர். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு முன்னால் “வயசாச்சு” என்ற விளக்கம் நிற்காது. இரண்டு பக்கமும் ஒரே வயதுதானே!

கதை அதோடு முடியவில்லை. 2010-இல் இன்னொரு குழு அந்தத் தோட்டங்களுக்குப் போய், முதல் ஆய்வில் இருந்தவர்களில் 75 பேரைக் கண்டுபிடித்து மறுபடி அளந்தது. நாற்பது வருடக் கணக்கு. அதில் வந்த முடிவு நம் வீட்டு இளவட்டங்களுக்குத்தான் முக்கியம். முப்பது வயதில் இணைப்பு இழப்பு சராசரியாக 2 மில்லிமீட்டரை எட்டாமல் இருந்தவர்களே அறுபது வயதில் குறைந்தது 20 பல்லோடு இருக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். அறுபது வயதுப் பல்லின் தலையெழுத்து பெரும்பாலும் முப்பதுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்த நாட்டில் பள்ளிப் பல் மருத்துவச் சேவைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. பள்ளிக்கூடப் பல் தாதியர்களுக்கான பயிற்சி பினாங்கில் 1949-இலேயே தொடங்கிவிட்டது. தமிழ்ப்பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் பல் மிஸ்ஸி வந்த நாளைச் சொல்வார்கள். பெயர் கூப்பிடும்போது வயிறு கலங்கியதையும் சொல்வார்கள். பள்ளி முடிகிறவரை யாராவது ஒருவர் நம் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் படிவம் முடிந்ததும் அது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பல் வலித்தால்தான் போகிறோம். பதினேழிலிருந்து முப்பது வரை யாரும் பார்க்காத அந்தக் காலத்தில்தான் இந்த நோய் அடித்தளம் போடுகிறது.

நோய் எப்படித் தொடங்குகிறது என்பதையும் இதே லோ அதற்கு முன்பே நிரூபித்திருந்தார். 1965-இல், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில். பல் மருத்துவ மாணவர்கள் உட்பட 12 பேரை, நல்ல ஈறு உள்ளவர்களை, பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்தது. இந்தச் சின்ன ஆய்வுக்குப் பிறகுதான் ஈறு வீக்கத்துக்குக் காரணம் பல்லின் மேல் படியும் கிருமிப் படலம்தான் என்று மறுக்க முடியாதபடி நிலைத்தது. உடல் சூடு, வைட்டமின் குறைவு, பரம்பரை என்று நம் ஆட்கள் சொல்வதெல்லாம் பின்னால் வருகிறவை. முதல் குற்றவாளி அந்தப் படலம்.

துலக்கிய சில மணி நேரத்திலேயே அது மறுபடி படியத் தொடங்கும். நாக்கால் தடவினால் வழவழவென்று தெரியும். எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் சேர்ந்து, சில நாட்களில் கல்லாக இறுகத் தொடங்கும். இதுதான் பற்காரை. கீழ் முன்பற்களின் உள்பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் காரை அதிகம் சேரும், ஏனென்றால் எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. காரை இறுகிய பிறகு எந்தப் பிரஷும், எந்தப் பற்பசையும், எந்த உப்பும் அதைப் பெயர்க்காது. அதன் சொரசொரப்பில் புதுப் படலம் வசதியாக ஒட்டிக்கொள்ளும். ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டால் ரத்தம் வரும்.

இந்தக் கட்டம் வரை எல்லாவற்றையும் மீட்கலாம். ஆர்ஹுஸ் மாணவர்கள் மீண்டது போல முழுதாக மீளலாம். இதைத் தாண்டினால் கதை வேறு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இயல்பாகவே மூன்று மில்லிமீட்டர் வரை ஒரு சின்ன இடுக்கு இருக்கும். வீக்கம் நீடித்தால் அந்த இடுக்கு ஆழமாகிப் பை மாதிரி ஆகும். காற்றுப் புகாத அந்த ஆழத்தில் வளரும் கிருமிகள் இன்னும் மோசமானவை. அவற்றோடு சண்டை போடும் நம் உடம்பே, அந்தச் சண்டையில் பல்லைத் தாங்கும் எலும்பையும் சேர்த்துக் கரைத்துவிடுகிறது. மழையில் அடிமண் அரித்துப்போன ரப்பர் மரத்தை இந்தப் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். மரத்துக்கு நோய் ஒன்றும் இருக்காது, பிடிமானம் போயிருக்கும். போன எலும்பு தானாகத் திரும்பி வராது. சிகிச்சை செய்தால் மேற்கொண்டு கரையாமல் நிறுத்தலாம்.

இத்தனையும் பெரும்பாலும் வலிக்காமல் நடக்கிறது. இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல எனக்கு இடம் கொடுத்தால் இதைத்தான் சொல்வேன். சொத்தை வலித்து நம்மை எழுப்பிவிடும். ஈறு நோய் பல் ஆடுகிறவரை பேசாமல் இருக்கும். அது கொடுக்கும் முதல் அடையாளம் துலக்கும்போது துப்பும் எச்சிலில் தெரியும் ரத்தம். நம் வீடுகளில் அந்த ரத்தத்தைப் பார்த்தால் என்ன செய்கிறோம்? “பிரஷ் கடினமா இருக்கு” என்று அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துலக்குகிறோம். ரத்தம் வரும் இடத்தில்தான் அழுக்கு இருக்கிறது. அதைத்தான் மென்மையான பிரஷ்ஷால் கவனமாகத் துலக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

ரத்தம் வரவில்லையே என்று சிகரெட் பிடிப்பவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். புகை ஈறின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தக் கசிவை மறைத்துவிடும். உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருக்கும். வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாய் எப்போதும் சிவந்திருப்பதால் எது சாயம், எது ரத்தம் என்றே தெரியாது. பாட்டிகள் சுருக்குப்பையோடு வாழ்ந்த அந்த வாழ்க்கைமேல் எனக்கு நிறைய பாசம் உண்டு. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. ஈறுக்காக விடாவிட்டாலும் அதற்காகவாவது விடுங்கள்.

இப்போது நம் சமூகத்துக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். இனிப்பு நீர். மலேசியாவில் 2019-ஆம் வருடத்து தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் 31.4 சதவீதம். மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ரத்தத்தில் சீனி கூடினால் ஈறு கிருமிகளோடு போராடும் சக்தி கெடுகிறது, புண் ஆறுவது தாமதமாகிறது, எலும்பு வேகமாகக் கரைகிறது. லோ 1993-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஈறு நோயை இனிப்பு நீரின் ஆறாவது சிக்கல் என்றே அழைத்தார். கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக் குழாய்கள், ஆறாத புண் என்ற வரிசையில் ஈறும் வருகிறது. கால் புண்ணைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் பயத்தில் பாதி ஈறைப் பற்றி இருந்தால் போதும்.

வண்டி எதிர்ப்பக்கமும் ஓடுகிறது. ஈறில் நீடிக்கும் வீக்கம், சீனியைக் கட்டுக்குள் வைக்க விடாது. வாய் முழுக்க ஆழமான பைகள் இருப்பவருக்கு அத்தனை இடமும் திறந்த புண்தான். அதன் பாதிப்பு ரத்தத்தில் கலந்து இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. கோக்ரேன் அமைப்பு 2022-இல் 35 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு, அதாவது எச்பிஏ1சி, சராசரியாக 0.43 புள்ளி குறைந்திருந்தது. மருந்தை நிறுத்திவிட்டுப் பல்லைச் சுத்தம் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. மருந்தும் சாப்பிட்டு, சோற்றையும் குறைத்து, அப்படியும் சீனி இறங்காமல் தவிக்கும் அப்பா அம்மா வீட்டில் இருந்தால், அவர்கள் வாயை யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்களைப் பல் கிளினிக்குக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. அந்தத் தாள் பையிலேயே மடிந்து கிடக்கக்கூடாது.

ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். சிலருக்கு அந்த மருந்தால் ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறி வளரும். அப்படித் தெரிந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் ஈறு சட்டென்று வீங்கும். அந்த மாதங்களில் பல் மருத்துவரைப் பார்க்கக்கூடாது என்பது தவறான நம்பிக்கை.

தவறான நம்பிக்கை என்றதும் எனக்கு மிகவும் கவலை தரும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “ஸ்கேலிங் பண்ணினா பல்லு ஆடும்.” இதை நம்பாத தமிழ்க் குடும்பம் ஜாசின் மாவட்டத்தில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். நம்புகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். காரை எடுத்த மறுநாள் பல் நடுவே சந்து தெரிகிறது, குளிர்ந்த தண்ணீர் கூசுகிறது, முன்னைவிட ஆட்டம் தெரிகிறது. நடந்தது என்ன? எலும்பு கரைந்த அந்தப் பற்களைப் பல வருடக் காரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிந்தது. வீங்கியிருந்த ஈறு வீக்கம் வற்றிச் சுருங்கியதும், மறைந்திருந்த சந்தும் வேரும் வெளியே வந்தன. கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். வீக்கம் வற்றிய ஈறு பல்லை மறுபடி இறுக்கிப் பிடிப்பதால், லேசாக ஆடிய பல் பின்னர் உறுதியாவதும் உண்டு. பயந்துகொண்டு காரையை அப்படியே விட்டவர்களின் பற்கள்தான் ஒரு நாள் ஒன்றாக ஆடி விழுகின்றன. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் இதே வகைதான். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

கிளினிக்கில் என்ன நடக்கும் என்று தெரியாததும் பயத்துக்கு ஒரு காரணம். முதலில் நுனியில் அரை மில்லிமீட்டர் குண்டு உள்ள மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈறின் ஓரத்தில் மெதுவாக நடத்தி, பையின் ஆழத்தைப் பார்ப்பார்கள். வாயை ஆறு பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0-இலிருந்து 4 வரை ஒரு எண் கொடுப்பார்கள். உங்கள் எண் என்ன என்று தயங்காமல் கேளுங்கள். 0 என்றால் ஈறு நலம். 1, 2 என்றால் சுத்தம் செய்து, துலக்கும் முறையைத் திருத்தினால் சரியாகிவிடும். 3, 4 என்றால் பை ஆழமாகியிருக்கிறது. எக்ஸ்ரே, ஈறுக்குக் கீழே ஆழமாகச் சுத்தம் செய்தல், தேவைப்பட்டால் ஈறு நிபுணர் என்று போக வேண்டியிருக்கும். ஆழமாகச் சுத்தம் செய்யும்போது மரத்துப்போக ஊசி போடுவார்கள், வலி தெரியாது.

செர்காமிலிருந்து மெர்லிமாவுக்கோ ஜாசினுக்கோ போனால் அரசாங்கப் பல் கிளினிக் இருக்கிறது. குடிமக்களுக்கு பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. கவுண்டரில் ‘சுச்சி கிகி’ என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். கூட்டம் இருக்கும், தேதி தள்ளித்தான் கிடைக்கும், அதை மறைக்க மாட்டேன். வலி இல்லாதபோது போகிறவர்களுக்குத் தள்ளிக் கிடைக்கும் தேதி ஒரு பிரச்சனையே இல்லை. தனியார் கிளினிக்கில் சீக்கிரம் முடியும், செலவு பல மடங்கு. எங்கே போனாலும் சரி, ஒரு முறை சுத்தம் செய்துவிட்டு ஐந்து வருடம் மறந்துவிடுவதில் பயனில்லை. ஈறு நோய் வந்தவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, மற்றவர்கள் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை. எத்தனை முறை என்பதை உங்கள் வாயைப் பார்த்த மருத்துவரே சொல்லட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதில் புதிதாக ஒன்றுமில்லை, செய்யும் விதம்தான் மாற வேண்டும். மென்மையான பிரஷ். அதைப் பல்லின் நடுவில் வைக்காமல், பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக. நம் ஆட்கள் பிரஷ்ஷை எடுத்தால் ரம்பம் அறுப்பது மாதிரி குறுக்கே இழுப்பார்கள். அதில் பல்லின் கழுத்து தேயும், ஈறின் ஓரத்தில் அழுக்கு அப்படியே இருக்கும். இரண்டு நிமிடம், காலையும் இரவும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவை விடாதீர்கள். தூங்கும்போது எச்சில் குறைவதால் கிருமிகளுக்கு அது நல்ல நேரம். நம் வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தேத்தண்ணீர், அதோடு படுக்கை.

பிரஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பல் இடுக்குக்குள் போகாது. ஈறு நோய் முதலில் தொடங்குவது அங்கேதான். தேயிலைத் தோட்டத்து ஆய்விலும் பல் இடுக்குப் பக்கம் வருடத்துக்குச் சராசரியாக 0.3 மில்லிமீட்டர் இறங்கியது, கன்னப் பக்கம் 0.2 மில்லிமீட்டர்தான். அதனால் நாளுக்கு ஒரு தடவை இடுக்கைச் சுத்தம் செய்யுங்கள். நெருக்கமான பல்லுக்கு நூல், சந்து விழுந்த பல்லுக்கு இடுக்கு பிரஷ். இரண்டும் பார்மசியில் கிடைக்கும். இடுக்கு பிரஷ் பல அளவுகளில் வரும். எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று பல் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். ஊக்கு, தீக்குச்சி, தென்னை ஈர்க்கு எல்லாம் வேண்டாம், ஈறைக் கிழித்துவிடும்.

உமிக்கரி, சாம்பல், செங்கல்பொடி, வேப்பங்குச்சி என்று வளர்ந்த தலைமுறையின் கைவைத்தியத்தை நான் கேலி செய்ய மாட்டேன். தோட்டத்தில் கைக்கு எட்டியது அதுதான். நன்றாக மென்று நார்நாராக்கிய குச்சியை ஈறோரம் பொறுமையாக நடத்துகிறவர் படலத்தை எடுக்கத்தான் செய்கிறார். கரியும் செங்கல்பொடியும் அப்படியில்லை. அவை பல்லைத் தேய்த்துவிடும், இடுக்கை எட்டாது. இப்போது கரி சேர்த்த பற்பசை என்று விலை கூட்டி விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கிராம்பு எண்ணெய் மரத்துப்போகச் செய்யும், நோயை நிறுத்தாது. உப்புத் தண்ணீர் ஆறுதல் தரும், காரையைக் கரைக்காது. குளோர்ஹெக்சிடின் மாதிரி மருந்துக் கொப்பளிப்பு மருத்துவர் சொன்ன நாள் வரை மட்டும். அதிக நாள் போட்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

இவ்வளவும் செய்தால் உண்மையிலேயே பல் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு ஸ்வீடனில் பதில் இருக்கிறது. பெர் ஆக்செல்சன் என்ற பல் மருத்துவரும் அவர் குழுவும் 1972-இல் ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து, காலம் தவறாமல் சுத்தம் செய்து, முப்பது வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முப்பது வருடத்தில் அவர்கள் இழந்த பல் வயதுப் பிரிவைப் பொறுத்து சராசரியாக 0.4-இலிருந்து 1.8 வரை மட்டுமே. அவர்களுக்கும் முப்பது வயது கூடத்தானே செய்தது?

மலேசியாவில் 2010-இல் பெரியவர்களிடம் எடுத்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில், பல் உள்ளவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு ஈறுப் பிரச்சனை இருந்தது. எலும்பு வரை நோய் இறங்கியவர்கள் 48.5 சதவீதம், கடுமையான நிலையில் 18.2 சதவீதம். தோட்டம் உடைந்து, லயம் காலியாகி, நாம் தாமானுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தோட்டத்து வாய் மட்டும் இன்னும் மாறவில்லை.

அந்த 480 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் வாயிலிருந்து படித்த பாடத்தால் உலகம் முழுக்க எத்தனையோ பேர் பல்லைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்தப் பாடம் நம் வீட்டுக்கும் வந்து சேர வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை. இதைப் படிக்கும் நீங்கள் இருபதிலோ முப்பதிலோ இருந்தால், வலி எதுவும் இல்லாத இந்த மாதத்திலேயே ஒரு தேதி வாங்கி, ஈறை அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் இனிப்பு நீர் உள்ள பெரியவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.